எந்த நாளுக்குத் திரும்புவது? பழைய ஹாட் ராடை மீட்பது பற்றி ஓர் அறிமுகம்

ஒரு காரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். 1932-ல் அமெரிக்காவின் ஃபோர்டு தொழிற்சாலையில் செய்யப்பட்ட ரோட்ஸ்டர். துணிக்கூரை, நான்கு சக்கரங்களுக்கும் மட்கார்டு, முன்னும் பின்னும் பம்பர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, போர் முடிந்து கலிபோர்னியாவுக்குத் திரும்பிய ஓர் இளைஞன் அதைச் சொற்ப விலைக்கு வாங்குகிறான். மட்கார்டுகளையும் பம்பர்களையும் கழற்றிக் கொல்லைப்புறத்தில் சாத்துகிறான். முன் ஆக்சிலை நெருப்பில் காய்ச்சி வளைத்துக் காரின் மூக்கைத் தாழ்த்துகிறான். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்துகிறான். சில ஆண்டுகள் வேகமாக ஓட்டிவிட்டு விற்றுவிடுகிறான். கார் கைமாறிக் கைமாறி, கடைசியில் யாருடைய கொட்டகையிலோ தூசி மூடிக் கிடக்கிறது.

இப்போது அதைக் கண்டெடுத்த ஒருவர், “இதைப் பழையபடி ஆக்கித் தாருங்கள்” என்று கேட்கிறார். எந்தப் பழையபடி?

தொழிற்சாலையிலிருந்து வந்தபடி என்றால் மட்கார்டுகளைத் திரும்பப் பூட்ட வேண்டும், வளைத்த ஆக்சிலைத் தூக்கி எறிய வேண்டும், ஒற்றைக் கார்புரேட்டருக்குத் திரும்ப வேண்டும். அப்படிச் செய்து முடித்தால் அழகான 1932 ஃபோர்டு ஒன்று கிடைக்கும். ஆனால் அந்த இளைஞன் உருவாக்கிய கார் அழிந்துபோயிருக்கும். சாதாரணப் பழைய காரை மீட்பதற்கும் ஹாட் ராடை மீட்பதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஒரு சிக்கலில் அடங்கியிருக்கிறது. மற்ற கார்களில், பின்னால் வந்தவர்கள் செய்த மாற்றம் குறை. ஹாட் ராடிலோ அந்த மாற்றமே கார்.

ஹாட் ராட் என்பது, கம்பெனி செய்த காரைச் சொந்தக்காரரே பிரித்து, எடையைக் குறைத்து, எஞ்சினின் வலுவைக் கூட்டி, வேகத்துக்காக மாற்றியமைத்த கார். இந்தப் பழக்கம் வேர்விட்ட இடம் தெற்குக் கலிபோர்னியா. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகள் உள்ளன. தண்ணீர் வற்றிய பிறகு தரை பல மைல் தூரம் கெட்டித் தட்டையாக இருக்கும். அங்கே காரைக் கொண்டுபோய் எவ்வளவு வேகம் போகிறது என்று அளப்பது 1930-களில் இளைஞர்களுக்குப் பெரும் பித்தாக இருந்தது. மட்கார்டுகளைக் கழற்றியது அலங்காரத்துக்காக அன்று. எடையும் காற்றின் தடையும் குறையும் என்பதற்காக. 1937-ல் பல கிளப்புகள் கூடி, இந்த ஓட்டங்களில் வேகத்தை அளந்து பதியத் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கத்தை அமைத்தன. பின்னர் மியூராக் விமானப்படைத் தளத்துக்குள் போய்விட்டது. எல் மிராஜில் இன்றும் ஓட்டம் நடக்கிறது. ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு மாத இதழ் 1948 ஜனவரியில் வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு யூட்டா மாநிலத்தின் பொன்னவில் உப்புவெளியில் வேக வாரம் தொடங்கியது.

ஏன் எல்லோரும் 1932 ஃபோர்டையே சுற்றிச்சுற்றி வருகிறார்கள் என்று புதியவர்கள் கேட்பார்கள். காரணம் எஞ்சின். சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வி-8 எஞ்சினை, அதாவது வி வடிவில் இரு வரிசையாக எட்டு சிலிண்டர்கள் கொண்ட எஞ்சினை, ஃபோர்டு அந்த ஆண்டுதான் கொடுத்தது. 221 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிய வலு இல்லை. ஆனால் கார் இலகுவானது, அதோடு அந்த எஞ்சின் மாற்றங்களுக்கு நன்றாக வளைந்து கொடுத்தது. வால்வுகள் மேலே ஹெட்டில் இல்லாமல் பக்கவாட்டில் பிளாக்குக்குள்ளேயே இருந்ததால் ஹெட் ஒரு தட்டையான மூடிபோல இருக்கும். அதனால் அதற்குப் பிளாட்ஹெட் என்று பெயர். அமெரிக்காவில் 1953 வரை ஃபோர்டு இந்தக் குடும்பத்து எஞ்சின்களைச் செய்தது. எனவே காயலான் கடைகளில் உதிரிகள் குவிந்து கிடந்தன, விலையும் மலிவு. விக் எடல்பிராக், எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் இதற்கான மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்த் தொகுதி), கேம் ஷாப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) முதலியவற்றைச் சிறு பட்டறைகளில் செய்து விற்று, பின்னாளில் பெரிய பெயர் பெற்றார்கள்.

அடுத்து, காலத் தன்மை என்று எதைச் சொல்கிறோம் என்று பார்ப்போம். பழமையான தோற்றம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது போதாது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட ஊரில், ஒருவருக்கு எவை கைக்கு எட்டினவோ, எந்தக் கருவி பட்டறையில் இருந்ததோ, எது அழகு என்று அவருடைய கூட்டாளிகள் ஒப்புக்கொண்டார்களோ, அவை எல்லாம் சேர்ந்து காரில் பதிந்திருக்கும். அந்தப் பதிவுதான் காலத் தன்மை.

இதை ஒரு விளக்கில் காட்ட முடியும். 1940-களின் ஹாட் ராடுகளில் பின்விளக்காக 1939 ஃபோர்டின் கண்ணீர்த்துளி வடிவ விளக்கை வைப்பது வழக்கம். பிறகு 1950 பாண்டியாக் காரின் வட்ட விளக்குகள் பிடித்துப்போய்ப் பலரும் அவற்றுக்கு மாறினார்கள். அப்படியானால், 1948-ல் இருந்தபடி மீட்டது என்று சொல்லப்படும் காரின் பின்னால் பாண்டியாக் விளக்கு இருந்தால் கணக்கு உதைக்கிறது. பிரேக்கிலும் இதே கதைதான். ஃபோர்டு 1939 மாடலில்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு, அதாவது திரவ அழுத்தத்தில் இயங்கும் பிரேக்குக்கு, வந்தது. எனவே 1932 காரில் ஃபோர்டின் ஹைட்ராலிக் டிரம் இருந்தால், அதை மாட்டியது 1939 மாடல் வந்த பிறகு என்று உறுதியாகச் சொல்லலாம். ஒவ்வொரு உதிரியும் தன் வயதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வேலை ஸ்பானரைத் தொடுவது இல்லை, ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது. இந்தக் காரின் வாழ்க்கையில் எந்த ஆண்டுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகிறோம்? இதற்கு விடை எப்போதும் எளிதாகக் கிடைப்பதில்லை. டோன் ஸ்பென்சரின் கறுப்பு நிற 1932 ரோட்ஸ்டரைப் பாருங்கள். அதை அவர் 1940-களில் உருவாக்கினார். இரண்டாகப் பிளந்து வி வடிவில் பின்னோக்கிச் சாய்ந்த டுவால் முன்கண்ணாடிதான் அதன் அடையாளம். பிறகு, மெக்சிகோவில் 1950 முதல் 1954 வரை நடந்த காரெரா பானமெரிக்கானா நெடுஞ்சாலைப் பந்தயத்துக்காக அதையே மாற்றத் தொடங்கினார். பந்தயம் நின்றுபோனது, கார் பாதியில் நின்றது. பின்னாளில் நீல் ஈஸ்ட் என்பவரிடம் வந்து, பல ஆண்டுகள் சாலையில் ஓடியது. 1990-களில் சேகரிப்பாளர் புரூஸ் மேயர் அதை வாங்கி, பீட் ஷாபூரிஸின் பட்டறையில் மீட்கச் செய்தார். ஒரே கார்தான், ஆனால் தொழிற்சாலையின் 1932, ஸ்பென்சரின் 1940-கள், பந்தயத்துக்கான 1950-கள், ஈஸ்ட் ஓட்டிய காலம் என்று அதற்குள் நான்கு கார்கள். ஸ்பென்சரின் கை தெரிய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1997-ல் பெபிள் பீச் கார் கண்காட்சி ஹாட் ராடுகளுக்கென்று முதன்முறையாக ஒரு பிரிவைத் திறந்தபோது அந்தப் பிரிவில் முதலிடம் இந்தக் காருக்குத்தான். கோடீசுவரர்களின் பென்ட்லிகளும் புகாட்டிகளும் நிற்கும் புல்வெளியில், கொல்லைப்புறத்தில் உருவான ஒரு வண்டியை அதன் உருமாற்றங்களோடு மதிப்புக்குரியதாக ஏற்றுக்கொண்ட நாள் அது. எனக்கு அந்தச் செய்தி இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

ஈஸ்டின் காலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் தவறா? தவறில்லை என்றே நினைக்கிறேன். தேர்ந்தெடுத்த நாளுக்கு முழுமையாக உண்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முகப்பு 1948, எஞ்சின் 1957, இருக்கை 1975, சக்கரம் சென்ற வாரம் என்று கலந்துவிட்டால், அது எந்த நாளிலும் இருந்திராத கார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

சரி, அந்த நாளில் கார் எப்படி இருந்தது என்று எங்கே தெரிந்துகொள்வது? பழைய புகைப்படங்கள் முதல் துணை. உருவாக்கியவரின் குடும்பத்தாரிடம் ஆல்பத்தில் இரண்டு படம் இருந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. பழைய இதழ்களில் கார் இடம்பெற்றிருந்தால் இன்னும் நல்லது. டாஷ்போர்டில் டைமிங் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். வறண்ட ஏரி ஓட்டங்களில் கொடுக்கப்பட்ட சின்ன உலோகத் தகடு அது; வேகமும் தேதியும் பொறித்திருக்கும். தகட்டையே யாராவது கழற்றிப் போயிருந்தாலும் அது இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மிச்சமிருக்கும்.

ஆனால் மிக நம்பகமான சாட்சி கார்தான். கதவுத் தூணின் உட்புறம் போல, வெளியில் தெரியாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். மிக நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, பொறுமையாக, வட்டமாகத் தேயுங்கள். அவசரப்பட்டால் எல்லாம் ஒரே தேய்ப்பில் போய்விடும். மெதுவாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்கள் போல நிறங்கள் ஒன்றன் உள்ளே ஒன்றாக விரியும். மேலே கடைசி உரிமையாளர் அடித்த சிவப்பு. அதற்குள் சாம்பல் நிறப் பிரைமர். அதற்குள் இருண்ட மெரூன். நடுவில், இரும்புக்குச் சற்று மேலே, தொழிற்சாலையின் கறுப்பு. இந்த வளையங்களுக்கு நடுவே மண் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தால் அதைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் அழுக்கு. அதாவது, அந்தப் பெயிண்டோடு கார் நன்றாக ஓடி, வெயிலும் தூசியும் பட்ட பிறகுதான் அடுத்த பெயிண்ட் ஏறியிருக்கிறது. அழுக்கே இல்லாமல் அடுத்தடுத்து இருப்பவை ஒரே வேலையின் பகுதிகள். நாணயம் அளவு இடத்தில் ஒரு காரின் வரலாறு இப்படிப் படுத்திருக்கிறது. பெயிண்டை மொத்தமாகச் சுரண்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று அவசரப்படுபவர்கள் முதல் நாளே எரித்துவிடுவது இந்த ஆவணத்தைத்தான்.

துளைகளும் பேசும். எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில், இப்போது எதற்கும் பயன்படாத ஓட்டைகள் இருக்கும். அவற்றின் இடைவெளியை அளந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் அந்தக் காலத்து மின்சுருளோ எரிபொருள் பம்போ பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் விடை கிடைத்துவிட்டது. அதனால்தான் பழைய ஓட்டைகளை அடைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள்.

அடுத்தது உருவாக்கியவரின் கை. இதைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதிகம் அழிக்கப்படுவது இதுதான். 1940-களில் கொல்லைப்புறத்தில் இருந்தது கேஸ் வெல்டிங். அந்தப் பற்றவைப்பு சில இடங்களில் சீராகவும் சில இடங்களில் மேடுபள்ளமாகவும் இருக்கும். தகடு வெட்டிய விளிம்பில் தீயின் பல் தெரியும். பள்ளத்தை நிரப்ப அப்போது இன்றைய பட்டி கிடையாது. ஈயத்தைச் சூடாக்கி, மரக்கட்டையால் தடவி, அரத்தால் ராவி மட்டம் செய்வார்கள். சேஸிஸின் அடியில் இப்படிப்பட்ட பற்றவைப்பு ஒன்றைப் பார்த்ததும் இன்றைய திறமையான மெக்கானிக்குக் கை துறுதுறுக்கும். கிரைண்டரை எடுத்து வழவழப்பாக்கிவிடுவார். வலு குறையாமல் இருக்கிறதா என்று சோதியுங்கள். இருந்தால், தயவுசெய்து அப்படியே விட்டுவிடுங்கள். அந்த மேடுபள்ளம் அந்த இளைஞனின் கையெழுத்து. வலு போயிருந்தால், உட்புறமாகத் தகடு வைத்துத் தாங்குங்கள். வெளியே அவருடைய கோடு தெரியட்டும்.

மணல் வீசித் துருவை எடுப்பதும் இதே காரணத்துக்காக ஆபத்தானது. கனமான சேஸிஸுக்கு அது சரிப்படலாம். பாடித் தகட்டில் அழுத்தமாக வீசினால் தகடு அலை அலையாக நெளிந்துபோகும், ராவிய ஈயத்தின் அடையாளமும் போய்விடும். கையால் தேய்ப்பதற்கும் மெதுவாகத் துருவை உண்ணும் கரைசல்களில் ஊறவைப்பதற்கும் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

பளபளப்பிலும் அளவு வேண்டும். அந்தக் காலத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைப் பல பூச்சுகள் அடித்து, ஒவ்வொன்றையும் தேய்த்து, கடைசியில் கையால் மெருகேற்றுவார்கள். அந்த ஒளி மென்மையானது, தோலுக்கு அடியிலிருந்து வருவது போல இருக்கும். நிறத்துக்கு மேல் அடிக்கும் இன்றைய நிறமற்ற கிளியர் கோட்டின் ஒளி, மேலே கண்ணாடி ஒட்டியதுபோல. படத்தில் வித்தியாசம் தெரியாது, நேரில் பார்த்தால் சட்டென்று தெரியும். குரோமிலும் அப்படித்தான். கையில் காசு குறைவாக இருந்தவர்கள் நாலைந்து உதிரிகளுக்குத்தான் குரோம் போட்டார்கள். எல்லாவற்றையும் குரோமில் முக்கியெடுத்தால் அந்த வறுமையின் அழகு காணாமல் போய்விடும். பழைய பெயிண்ட் பெருமளவு பிழைத்திருந்தால் புதிதாக அடிக்கவே வேண்டாம் என்பேன். சுத்தம் செய்து, மெழுகு பூசி, உரிவதை நிறுத்தினால் போதும். அதேபோல, பழமை தெரியட்டும் என்று புதுத் தகட்டில் துருவை வரவழைப்பதும் வேண்டாம். அன்று தன் காரைத் துருவோடு விட்டவர்கள் அதை விரும்பி விடவில்லை.

எஞ்சினுக்கு வருவோம். பிளாட்ஹெட்டை எடுத்துவிட்டு இன்றைய எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்ற அறிவுரை உங்களைத் தேடி வரும். மலிவு, வலு அதிகம், சூடாகாது என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும் வேண்டாம். இந்தக் காரின் குரல் அந்த எஞ்சின்தான். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சிலிண்டர்கள் இருந்தும் புகை வெளியேற மூன்று வாய்கள்தான் உண்டு. நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்ளும். அந்தக் கரகரப்பான, தாழ்ந்த ஒலியில் இதற்கும் பங்கு உண்டு. வேறு எஞ்சினில் அதைக் கொண்டுவர முடியாது. சூடாவதற்கும் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது: எரிந்த புகை பிளாக்கின் உள்ளேயே பயணம் செய்து வெளியே வருவதால், வழியெல்லாம் குளிர்நீரைச் சூடாக்குகிறது. நீர்ப்பாதைகளில் பல பத்தாண்டுகளாகப் படிந்த துருவையும், பிளாக்கை வார்த்தபோதே தங்கிவிட்ட மணலையும் முழுமையாகச் சுத்தம் செய்து, ரேடியேட்டரையும் நீர்ப் பம்புகளையும் சரியாக்கினால் பெரும்பாலான சூட்டுத் தொல்லை அடங்கிவிடும். பிளாக்கில், முக்கியமாக வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையில், விரிசல் இருக்கிறதா என்று காந்த முறையில் சோதித்த பிறகே மற்றச் செலவைத் தொடங்குங்கள். பிளாக் தேறாது என்றால் அதே வகை வேறொன்றைத் தேடுங்கள். பழையதைக் காயலான் கடைக்குப் போடாமல் காரோடு வைத்திருங்கள்.

கார்புரேட்டர் விஷயத்தில் காலம் நமக்குக் கருணை காட்டியிருக்கிறது. ஸ்ட்ராம்பெர்க் 97 என்ற கார்புரேட்டர்தான் அன்றைய ஹாட் ராடுகளின் முத்திரை. அதன் பக்கவாட்டில் 97 என்று பெரிதாக வார்த்திருக்கும். உள்ளே காற்று நுழையும் தொண்டையின் விட்டம் 0.97 அங்குலம் என்று அர்த்தம். இன்று அதையே புதிதாகவும் செய்து விற்கிறார்கள். பழைய ஜோடி ஒன்று கிடைத்து, உடல் வளையாமலும் விரிசல் விடாமலும் இருந்தால் அதைச் செப்பனிட்டுப் போடுவதே எனக்குப் பிடிக்கும்.

எஞ்சின் மாற்றத்துக்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். 1955-ல் ஷெவர்லே கொண்டுவந்த வி-8 எஞ்சின் இலகுவாகவும் வலுவாகவும் இருந்ததால் ஹாட் ராடுகளில் பிளாட்ஹெட்டின் இடத்தை வேகமாகப் பிடித்தது. ஒரு காரை 1957-ல் உருவாக்கியவரே ஷெவர்லே எஞ்சினைப் போட்டிருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்ததும் அந்த ஆண்டுதான் என்றால், பிளாட்ஹெட்டுக்குத் திரும்புவதுதான் பிழை. மறுபடியும் அதே கேள்விதான்: எந்த நாள்?

உயிர் காக்கும் பாகங்களில் மட்டும் பிடிவாதம் கூடாது. காரை அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் அப்போதிருந்தபடி எல்லாமும் இருக்கலாம். சாலையில் ஓட்டப் போகிறீர்கள் என்றால், பிரேக், ஸ்டீயரிங், டயர், வயரிங் நான்கையும் இன்றைய கண்ணோடு பாருங்கள். பழைய ஹைட்ராலிக் பிரேக்கில் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது கசிந்தால் நான்கும் போய்விடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டரைக் காரின் தளத்துக்குக் கீழே மறைவாக வைக்கலாம். வெளியே தெரிவது பழைய டிரம்தான். ஃபோர்டின் பழைய 6 வோல்ட் மின்சாரம், தடித்த கம்பியும் சுத்தமான எர்த்தும் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும். மின்கம்பிகளைப் புதிதாக இழுத்து, மேலே பழைய பாணித் துணியுறை போட்டுக்கொள்ளலாம். டயர் கார் நிற்கும் அழகையே தீர்மானிக்கும்: முன்னால் சிறியது, பின்னால் உயரமானது, மூக்கு தாழ்ந்த நிலை. இதற்கேற்ற பழைய வடிவ டயர்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பழைய டயரையே அழகுக்காக வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். சீட் பெல்ட்டும் அவசியம். அதைப் பூட்ட ஏற்கனவே உள்ள போல்ட் துளைகளையே பயன்படுத்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள், அந்தப் பிடிமானம் தாங்குமா என்பதையும் சோதியுங்கள்.

ஏற்கனவே உள்ள துளைகளையே பயன்படுத்துவது என்ற அந்த யோசனையில்தான் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. புதிதாக எதைச் சேர்ப்பதானாலும், நாளை வேறொருவர் அதைக் கழற்றினால் கார் பழையபடி இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போல்ட் போட்டுப் பூட்டுவது சரி. வெட்டுவதும் பற்றவைப்பதும், வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

நடைமுறை ஒழுங்கு எளிமையானது. கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கழற்றிய ஒவ்வொரு நட்டையும் வாஷரையும் சிறு பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எதை வைத்துக்கொண்டோம், எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று தேதியோடு குறியுங்கள். மாற்றிய பழைய உதிரிகளுக்கு ஒரு பெட்டி. கார் விற்கப்பட்டால் அந்தப் பெட்டியும் நோட்டும் கூடவே போக வேண்டும்.

காரைப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும் என்று முடிவாகிவிட்டால், கதவுத் தூணில் நாணயம் அளவு தேய்த்த அந்த இடம் இருக்கிறதல்லவா, அதைச் சுற்றி ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். பிறகு காகிதத்தை உரித்துவிடுங்கள். கதவைச் சாத்தினால் யாருக்கும் தெரியாது. திறந்தால், சிவப்பும் சாம்பலும் மெரூனும் கறுப்பும் வளையம் வளையமாக அங்கேயே இருக்கும்.